இணையக் கடையும் எல்லைக் கோடும்

சித்தூரிலிருந்து வேலூர் மார்க்கமாகப் புறப்படுவோர் ஒரு மணி நேரத்துக்குள் தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்துவிடுவர். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் ஜில்லா அமைக்கப்படும் வரை இவ்வூரும் திருப்பதியும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்விதம் இடம் மாறினும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்து வந்திருக்கின்றன. இங்குள்ள தமிழ் வணிகருக்கு அந்த எல்லைக் கோடு அன்றாட வியாபாரத்தில் பெரிதாகக் குறுக்கிட்டதில்லை என்றே சொல்லலாம். வேலூரார் இங்கு வந்து வாங்கிச் சென்றால் அது இங்கு நடந்த விற்பனையே.

ஆனால் கடை இணையத்துக்கு வந்தவுடன் நிலைமை வேறாகிறது. மாம்பழக்கூழோ, கலம்காரித் துணியோ, வீட்டில் செய்த ஊறுகாயோ, ஒரு வலைத்தளத்தின் மூலம் விற்று வேலூருக்குப் பொட்டலமாக அனுப்பினால், சட்டத்தின் கண்ணில் அது மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கு. முப்பது நாற்பது கிலோமீட்டரே தொலைவாயினும் டில்லிக்கு அனுப்பியதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. பெங்களூரிலும் மும்பையிலும் ஐதராபாத்திலும் வாழ்ந்து, தமிழ்நாட்டு வாடிக்கையாளரை நம்பித் தளம் நடத்தும் நேயர்களுக்கும் இது பொருந்துமாகையால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

2017ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஆந்திரப் பிரதேசத்துக்குள் மட்டும் சரக்கு விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை பொதுவாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. 'நம் வியாபாரம் எட்டு லட்சந்தானே' என்று பலர் அமைதியாக இருப்பது இதனை நம்பித்தான். அந்த விலக்கு மாநிலத்துக்குள் விற்பதற்கு மட்டுமே உரியது. வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்போருக்குத் தொகை வரம்பே கிடையாது. முதற் பொட்டலத்துக்கே பதிவு வேண்டும் என்கிறது சட்டத்தின் 24ஆம் பிரிவு. பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிவின்றி விற்றது வெளிப்பட்டால், வரியோடு பத்தாயிரம் ரூபாய் அல்லது வரியளவு, இவற்றுள் எது மிகுதியோ அது அபராதமாகச் சேரும். சிறு வணிகரின் ஓராண்டு லாபத்தை விழுங்க இது போதும்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. கணக்கு வேலை குறைவு என்பதற்காகத் தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்திருக்கும் வணிகர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது. தளம் தொடங்கும் நாளிலேயே அவர் சாதாரண முறைக்கு மாறிக்கொள்வது நலம்.

சலுகைகளும் இல்லாமல் இல்லை. புது மாம்பழம் வரிக்குட்பட்ட பொருள் அன்று. ஆகையால் சித்தூர் மாந்தோப்பிலிருந்து பழமாகவே அனுப்புகிறவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதே பழத்தைக் கூழாக்கிப் புட்டியில் அடைத்தால் கட்டாயம் வந்துவிடுகிறது. அரசின் அறிவிக்கைப் பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்கு, மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை, வெளிமாநிலத்துக்கு விற்றாலும் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பான் எண் இருக்க வேண்டும். சரக்கின் மதிப்பு எவ்வளவு சிறிதாயினும் ஈ-வே பில் எடுக்க வேண்டும். பட்டியலில் தம் பொருள் இருக்கிறதா என்பதை ஒரு கணக்கரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு ஆகும் செலவு வீண்செலவு ஆகாது.

இனி, பெயர். 'திருப்பதி லட்டு' என்னும் பெயர் 2009இல் புவியியல் குறியீடாகப் பதிவாயிற்று. உரிமை திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கு. திருப்பதியில் பரம்பரையாக இனிப்புக் கடை வைத்திருப்பவர் லட்டுப் பிடித்து விற்பதை யாரும் தடுக்கவில்லை. அதனைத் தளத்தில் 'திருப்பதி லட்டு' என்று பெயரிட்டு விற்பதைத்தான் சட்டம் தடுக்கிறது. கோபுரப் படத்தையும் தேவஸ்தானச் சின்னத்தையும் முகப்பில் இட்டு, தரிசனச் சீட்டுப் பெற்றுத் தருவதாகச் சொல்வது இன்னும் பெரிய அபாயம். பிறர்போல் நடித்துக் கணினி வழியே ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரியின் நிலை வேறு. அதுவும் பதிவான குறியீடே. எனினும் அப்பெயர் ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்து அன்று, அங்குத் தூரிகை பிடிக்கும் கைகளுக்குரிய பொதுச்சொத்து. மூங்கில் எழுதுகோலால் கையால் வரையும் கலைஞர் தம்மை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டால், இயந்திர அச்சுத் துணியை அப்பெயரில் விற்கும் தளங்களின் மேல் வழக்கிடும் உரிமை அவருக்கும் கிடைக்கிறது. கலைஞர்கள் இந்த ஆயுதத்தைப் போதிய அளவு கையில் எடுக்கவில்லை என்பது நம் எண்ணம்.

தளத்தின் முகவரியும் ஒரு பெயர்தான். 2004இல் சத்யம் இன்போவே வழக்கில் உச்ச நீதிமன்றம், இணைய முகவரிக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டென்று தீர்ப்பளித்தது. ஆயினும் பலர் அம்முகவரியைத் தளம் அமைத்துத் தருகிறவரின் பெயரிலேயே பதிவாக விட்டுவிடுகின்றனர். பின்னர் மனத்தாங்கல் வந்தால் கடையின் பெயர்ப்பலகையே அடுத்தவர் கையில் இருக்கும். தள வடிவமைப்பின் பதிப்புரிமையும் அவ்வாறே. எழுத்து மூலம் மாற்றித் தந்தாலன்றி, தனியே ஒப்பந்தத்தில் செய்து கொடுத்தவரிடமே அது தங்கும். வேலை தொடங்குமுன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்க.

தளத்தில் என்னென்ன காட்ட வேண்டும் என்பதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், கூடுதல் கட்டணங்கள் உட்பட மொத்த விலை, திருப்பி எடுக்கும் முறை, குறை கேட்கும் அலுவலரின் பெயர் ஆகியவை வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று பதில். ஒரு மாதத்துக்குள் தீர்வு. வாங்குபவர் சம்மதப் பெட்டியை நாமே முன்கூட்டிக் குறியிட்டு வைத்தலும், வாடிக்கையாளர் வேடத்தில் நாமே நம் பொருளைப் புகழ்ந்தெழுதுதலும் குற்றம். உணவுப் பொருளாயின் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ தேவை. வீட்டு அடுக்களையில் செய்த ஊறுகாய்க்கும் விலக்கில்லை.

வழக்கு எங்கே வரும் என்பது பலரும் எண்ணிப் பாராதது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை அவருக்குக் கட்டணமும் இல்லை. சித்தூர்க் கடைக்காரர் ஒரு சேலைக்காகத் திருநெல்வேலியில் பதில் சொல்ல நேரலாம். 'சித்தூர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்' என்று தளத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டுக்கொள்வது அந்த உரிமையைத் தடுக்காது. சேலையைத் திருப்பி வாங்கிக்கொள்வதே பயணச் செலவினும் மலிவு.

கடைசியாக, வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரி ஆகிய விவரங்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக விவரம் கேட்கிறோம் என்பதைச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழியொன்றிலோ படிக்கும் வசதி வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் அவ்வட்டவணையில் உள்ளவை. சித்தூரிலும் திருப்பதியிலும் இருமொழியில் கணக்கெழுதிப் பழகிய நம் வணிகருக்கு இதை எழுதுவது ஒரு மாலை நேர வேலை.