யந்திரப் பெல்ட்டுகளைக் கழற்றாமற் சோதிக்கும் முறை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவிலும், அதனையடுத்த திருச்சிராப்பள்ளி, லால்குடிப் பக்கத்து நன்செய்க் கிராமங்களிலும், அறுவடைக் காலத்தில் நெல்மில் ஒரு நாள் நின்றாலும் நஷ்டம் விவசாயிகளுடையதே. களத்தில் குவிந்த நெல் மழையில் நனையும். அவித்துக் காய வைத்த நெல் அரைபடாமல் தேங்கும். மோட்டாரின் சக்தியை யந்திரத்துக்குக் கொண்டு செல்லும் பெல்ட் அறுந்துபோவது மில் நிற்பதற்கு ஒரு காரணமாகும். ஆயினும், பெரும்பாலும் அது முன்னடையாளமின்றி அறுவதில்லை. அவ்வடையாளங்களை அறிந்தவர், பெல்ட்டைக் கழற்றாமலே அதன் நிலையைக் கண்டுகொள்ளலாம்.

முதலிற் கவனிக்கத்தக்கது உயிர்ப் பாதுகாப்பு. பெல்ட்டும் புல்லியும் கூடுமிடத்தில் விரலோ, வேட்டி முனையோ, சேலைத் தலைப்போ பட்டால் கணத்தில் உள்ளே இழுக்கப்படும். ஓடும் யந்திரத்தைச் சோதிப்பவர் பயிற்சி பெற்றவராயும், உடலோடு ஒட்டிய உடை தரித்தவராயும் இருத்தல் வேண்டுமென 1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது இதன்பொருட்டே. இங்குக் கூறப்படும் சோதனை, நின்ற யந்திரத்துக்கு மாத்திரம் உரியது.

யந்திரம் ஓடத் தொடங்கும்போது எட்ட நின்று செவிகொடுக்க. கிறீச்சென்ற ஒலி, பெல்ட் தளர்ந்து வழுக்குவதைக் குறிக்கும். பின்னர் யந்திரத்தை நிறுத்தி, பியூஸைக் கழற்றிச் சோதிப்பவரே தம்மிடம் வைத்துக்கொள்க. எல்லாம் முற்றிலும் நின்றபின் காப்புக்கூண்டைத் திறந்து, கீழ்க்கண்டவற்றைப் பார்க்க:

1. பெல்ட்டின் கீழே கரிய ரப்பர்த் தூள் படிந்திருந்தால், அது எங்கோ உராய்ந்து தேய்கிறது.

2. ஓரத்தில் நூல் பிரிதல், உட்புறத்தில் வெடிப்பு, பக்கங்களில் கண்ணாடிபோன்ற மினுமினுப்பு ஆகியவை தேய்மானத்தின் குறிகள். புல்லியைக் கையால் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பெல்ட் முழுவதையும் பார்க்க. விரல்கள் கூடுமிடத்துக்கு அருகே செல்லலாகாது. தட்டைப் பெல்ட்டாயின் இணைப்பை முதலிற் பார்க்க.

3. வி வடிவப் பெல்ட் புல்லிப் பள்ளத்தின் பக்கங்களையே பற்றவேண்டும். பள்ளத்தின் அடி பளபளத்தால், பெல்ட்டோ பள்ளமோ தேய்ந்து, பெல்ட் அடியைத் தொடுகின்றதென அறிக.

4. இரு புல்லிகளுக்கும் நடுவில் பெல்ட்டை அழுத்துக. தயாரிப்பாளர் குறித்த அழுத்தத்துக்கு, மீட்டருக்குச் சுமார் 16 மில்லிமீட்டர் தாழ்தல் பொது விதி.

5. புல்லிகளின் முகப்பில் ஒரு நூலை இழுத்துப் பிடிக்க. விளிம்புகளின் பருமன் ஒத்திருந்தும் நூல் இரண்டிலும் சமமாகப் படியாவிடில், அவை நேராக இல்லை. அந்நிலையில் புதுப் பெல்ட்டும் விரைவில் தேயும்.

தளர்ந்த பெல்ட்டில் எண்ணெய் தடவுவது கேடு. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். பல பெல்ட்டுகள் சேர்ந்து ஓடுமிடத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றினால், புதியதன்மேல் பாரம் மிகும்; ஆகவே தொகுதி முழுவதையும் மாற்றுக. புதுப் பெல்ட் சிறிது நீளுமாதலால், ஒரு நாள் ஓடியபின் இறுக்கத்தை மீண்டும் பார்க்க.

சோதித்த தேதியையும் கண்ட குறையையும் சங்கத்தின் மில் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வருவது நலம். அறுவடைக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே இச்சோதனையைச் செய்து, வேண்டிய அளவுப் பெல்ட்டுகளை வாங்கி வைக்கும் சங்கம், நெல் வந்து குவியும் நாளில் கடை தேடி அலையாது.