அண்டார்டிகா பனி கரையுமா? கடலடிச் சேறு சொல்லும் பதில்

அண்டார்டிகாவில் பனி எப்பவும் இப்படியேதான் இருந்துச்சா? பதில் பனியில் இல்லை, கடலடிச் சேற்றில் இருக்கு.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?
பனி நகரும்போது நிலத்தைச் சுரண்டி, கல்லையும் மண்ணையும் கண்டத்தின் விளிம்பில் கொட்டும். பனி விலகினால் கடலில் வெயில் பட்டு, டயாட்டம் எனும் நுண்பாசிகள் பெருகும். செத்தபின் அவற்றின் ஓடுகள் அடியில் படியும். ஆக, கல் கலந்த அடுக்கு என்றால் பனி இருந்தது. டயாட்டம் அடுக்கு என்றால் திறந்த கடல்.

என்ன கிடைத்தது?
2006-07ல் ஆண்ட்ரில் திட்டக் குழு, ராஸ் கடல் பகுதியில் மிதக்கும் பனித்தட்டின் மேலிருந்து துளையிட்டு, கடலடியில் சுமார் 1,285 மீட்டர் ஆழம்வரை மாதிரி எடுத்தது. அதில் இரண்டு அடுக்குகளும் மாறி மாறி வந்தன. 50 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, மேற்கு அண்டார்டிகா பனிப்படலம் பலமுறை சரிந்து, மறுபடி வளர்ந்திருக்கு.

இப்போ ஏன் முக்கியம்?
அப்போது உலகம் இன்றைவிட 3 டிகிரி வரை சூடு. கார்பன் டை ஆக்ஸைடு சுமார் 400 பிபிஎம். நாம இப்போ 420-ஐத் தாண்டிட்டோம். உடனே எல்லாம் உருகிடாது. அதற்கு நூற்றாண்டுகள் ஆகும். ஆனால் மேற்கு அண்டார்டிகா முழுசா கரைஞ்சா, கடல்மட்டம் 3 மீட்டருக்கு மேல் உயரும்.

என்ன சிக்கல்?
1985 முதல் உலகம் முழுக்கக் கடலடியைத் துளைத்த ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல், 2019ல் அண்டார்டிகாவின் அமுன்ட்சென் கடலுக்கும் போனது. செலவு கூடியதால், அமெரிக்கா 2024ல் அதன் ஆய்வுப் பயணங்களை நிறுத்திவிட்டது. எடுத்த மாதிரிகள் கிடங்குகளில் பத்திரமா இருக்கு. ஆனா, பனி எவ்வளவு வேகமா சரியும் என்ற கேள்விக்கான பதிலில் பாதி, இன்னும் துளையிடாத இடங்களில்தான் இருக்கு.