ஈர நிலத்தில் ஆயத்த வீட்டை நகர்த்தத் தரைப் பலகைகள்

தோட்டக் காவலுக்கும், விதை உரம் அடுக்கவும், வேலையாட்கள் தங்கவும் கட்டி முடித்த அறையையே லாரியில் கொண்டுவந்து இறக்கும் வழக்கம் நம் பக்கத்திலும் பரவி வருகிறது. சிலர் பழைய கப்பல் கன்டெய்னரை வாங்கிக் கதவு சன்னல் வைத்துக் கொள்கிறார்கள். சிலர் இரும்புச் சட்டத்தில் தகடு அடித்த அறையைப் பட்டறையில் செய்து வாங்குகிறார்கள். விற்பவர் சாலை ஓரம் வரை கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து அறை நிற்க வேண்டிய இடம் வரை உள்ள இருநூறு முந்நூறு அடி விவசாயியின் பொறுப்பு. பணமும் நிலமும், சில வேளை உயிரும் போவது அந்த முந்நூறு அடியில்தான்.

2019 தை மாதக் கடைசியில் காவிரி டெல்டாவில் ஒரு விவசாயி இப்படி ஓர் அறையை வாங்கியிருந்தார். சம்பா அறுவடை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வயலின் மேல்மண் காய்ந்து வெடித்திருந்தது. அருகில் வேறு வேலையாகச் சென்றிருந்த என்னிடம் அவர் கேட்டார். குதிகாலால் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, "தாங்கும்" என்று நானே சொன்னேன். லாரி இரண்டாவது வரப்பைத் தாண்டியதும் பின்சக்கரங்கள் அச்சு வரை இறங்கிவிட்டன. மண்வாரி இயந்திரம் வரவழைத்து இழுத்ததில் வாய்க்கால் கரை உடைந்தது. மண்ணில் புதைத்திருந்த பிளாஸ்டிக் குழாயும் நொறுங்கியது. இவை சில ஆயிரம் ரூபாயில் சரியாகக்கூடிய நட்டங்கள். பெரிய நட்டம் அடுத்த குறுவையில்தான் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. நடவு இயந்திரமும் அதே பள்ளத்தில் போய் இறங்கியது.

காரணம் இதுதான். பல ஆண்டுகள் சேற்றுழவு செய்த நெல் வயலில், சுமார் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் ஒரு கெட்டித் தட்டு உருவாகியிருக்கும். தண்ணீரைக் கீழே இறங்காமல் பிடித்து வைப்பதும், டிராக்டரைத் தாங்குவதும் அந்தத் தட்டே. அதற்குக் கீழே பெரும்பாலும் மெத்தென்ற களி. பளுவான லாரி அந்தத் தட்டை உடைத்துவிட்டால் வயலுக்கு அடியில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும்.

ஆகவே முதல் வேலை, மேல்மண்ணை நம்பாமல் உள்மண்ணைப் பார்ப்பது. போகும் வழியில் இருபது அடிக்கு ஓரிடத்தில் ஒன்றரை அடி ஆழத்திற்குச் சிறு குழி எடுங்கள். குழியின் அடிமண்ணில் கட்டைவிரலை அழுத்துங்கள். விரல் எளிதாக இரண்டு அங்குலம் இறங்கினால் அது மென்களி. நல்ல பலம் கொடுத்தால்தான் இறங்குகிறது என்றால் நடுத்தரம். விரல் இறங்காமல் தடம் மட்டும் பதிந்தால் உறுதியான மண். கைமுட்டியே உள்ளே போகிற மண்ணானால் எந்தப் பலகையையும் நம்பாமல் காய விட்டுவிடுவது நலம்.

இப்போது சுமைக் கணக்குக்கு வருவோம். மண் புதைவதற்குக் காரணம் மொத்த எடை மட்டுமல்ல, ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் விழும் அழுத்தம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரு காலும் ஊன்றி நின்றால் சதுர செ.மீ.க்கு 150 முதல் 200 கிராம் வரை அழுத்துவார். நடக்கும்போது இது இரட்டிப்பாகும். செயின் பொருத்திய நெல் அறுவடை இயந்திரம் சுமார் 3 டன் எடை இருந்தும் கால் கிலோ அளவுதான் அழுத்துகிறது. லாரி டயரோ, உள்ளே அடைத்த காற்றழுத்தம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு அழுத்தத்தை, அதாவது சதுர செ.மீ.க்கு 7 கிலோ அளவில், மண்மேல் செலுத்தும். கட்டைவிரல் எளிதில் இறங்கும் மென்களி, அரை கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை தாங்கும். அதிலும் பாதியைத்தான் நம்பலாம். அறுவடை இயந்திரம் போன வயலில் லாரியும் போகும் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

பலகை போடுவது இந்த அழுத்தத்தைப் பரப்பவே. தேர்ச் சக்கரம் புதையும் இடத்தில் இரும்புத் தகடு போட்டு நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டீவன்சன், 1830ல் திறக்கப்பட்ட லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் பாதையைச் சாட்மாஸ் என்ற சதுப்பு நிலத்தின் குறுக்கே கொண்டுபோனபோது, குச்சிகளால் பின்னிய தட்டிகளையும் புதர்ச்செடிகளையும் அடுக்கி அதன்மேல்தான் தண்டவாளம் போட்டார். இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்க அமெரிக்கர்கள் விரித்த துளையிட்ட இரும்புத் தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், சுமார் 30 கிலோ எடை. அதை 1941ல் சோதித்துப் பார்த்தார்கள்.

ஆலையில் கட்டிய வீடுகள் மிகுதியாக விற்கும் அமெரிக்காவில் இவ்வகை வீடுகளுக்கென்றே 1976 ஜூன் 15 முதல் தனிக் கட்டட விதி நடப்பில் உள்ளது. அடியில் நிரந்தரமான இரும்புச் சட்டமும் சக்கரமும் கொண்ட அவ்வீடுகள் 10 டன்னுக்கு மேலும் எடை போகும். மழை பெய்த மனையில் இறக்க நேர்ந்தால் பிளைவுட் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் பலகைகளைப் பாதையாக விரித்து, செயின் வைத்த சிறிய இழுவை இயந்திரத்தால் மெதுவாக இழுக்கிறார்கள். கடந்து வந்த பலகையைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போவதால் பத்துப் பதினைந்து பலகையில் நீண்ட தூரம் போய்விட முடிகிறது. அங்கு வழக்கமான பிளாஸ்டிக் பலகை 8 அடிக்கு 4 அடி, அரை அங்குல கனம், எடை சுமார் 40 கிலோ.

4 டன் சுமக்கும் ஒரு ஜோடிச் சக்கரம் 8க்கு 4 அடிப் பலகையின் நடுவில் நின்று, சுமை முழுப் பரப்பிலும் சமமாகப் பரவினால், மண்மேல் விழுவது சதுர செ.மீ.க்கு சுமார் 135 கிராம்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பலகை வளையும். வளைந்தால் சக்கரத்தின் கீழுள்ள பகுதியே சுமையை வாங்கும். ஓரங்கள் சும்மா தூக்கிக்கொண்டு நிற்கும். எனவே பலகையின் விறைப்பு முக்கியம். கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். இரண்டு பலகைகளை வெறுமனே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டு மடங்குதான். அவற்றைப் பசையிட்டு நெருக்கமாகத் திருகி ஒன்றாக்கினால் ஏறத்தாழ எட்டு மடங்கு கிடைக்கும். தென்னை மட்டை, வைக்கோல், கரும்புத் தோகை போடுவதில் பயனில்லை என்று சொல்லவில்லை. அவை சக்கரத்திற்குப் பிடிப்பைத் தரும், பலகைக்கு அடியில் போட்டால் சேறு ஒட்டாமல் தடுக்கும். சுமையைப் பரப்புவது மட்டும் அவற்றால் ஆகாது.

பிளைவுட் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நம் ஊரில் கிடைக்கும் சவுக்குக் கழியே போதும். 4 அங்குல விட்டமும் 8 அடி நீளமும் உள்ள ஆறு கழிகளை இரு முனையிலும் நடுவிலும் கம்பியால் இறுக்கிக் கட்டினால் இரண்டடி அகலத் தெப்பம் ஒன்று கிடைக்கும். பச்சைக் கழியானால் நூறு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். நான்கு பேர் தூக்கலாம். பன்னிரண்டு கழிகளை ஒன்றாகக் கட்டினால் யாரும் தூக்க முடியாது. சக்கரம் போகும் திசைக்குக் குறுக்காகக் கழிகள் இருக்கும்படி, ஒவ்வொரு சக்கரத் தடத்திற்கும் தனித்தனியே, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். பிளைவுட் போடுபவர்கள் பின்பலகையின் முனை முன்பலகையின்மேல் ஓர் அடி ஏறியிருக்கும்படி போட வேண்டும். அப்போது சக்கரம் படி இறங்குவதுபோல இறங்கும். மாற்றிப் போட்டால் பலகையின் விளிம்பில் முட்டி அதைச் சுருட்டிக்கொண்டு போகும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். வயலுக்குப் பகை அறை அல்ல, அதைச் சுமக்கும் லாரியே. 20 அடிக் கன்டெய்னரின் வெற்று எடை சுமார் இரண்டேகால் டன். உள்வேலை செய்தபின் 3 டன் என்று வைத்துக்கொள்வோம். 20 அடி நீளம், 4 அங்குல அகலமுள்ள இரண்டு இரும்புச் சானல்களின்மேல் அதை வைத்தால் சதுர செ.மீ.க்கு கால் கிலோதான் அழுத்தும். நடக்கிற மனிதர் அழுத்துவதைவிட இது குறைவு. ஆகவே லாரியைச் சாலையிலேயே நிறுத்தி அறையை இறக்கி, சவுக்குத் தெப்பங்களின்மேல் சறுக்கி இழுத்துப் போவதே எனக்குப் பிடித்த வழி. இடையில் இரும்புக் குழாய்களை உருளைகளாகக் கொடுத்தால் இழுவை வெகுவாகக் குறையும். அறை வாங்கும்போதே அடியில் சானலும், இரு முனையிலும் கொக்கி மாட்டும் வளையமும் வைக்கச் சொல்லிவிடுங்கள்.

இழுக்கும் டிராக்டர் கெட்டி நிலத்தில் நிற்க வேண்டும். கம்பி வடத்தைத் தாழ்ந்த இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். பின் அச்சிலோ, மேல் இணைப்பிலோ மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி டிராக்டர் ஓட்டுநர்மேல் கவிழ்ந்துவிடும். யோசிக்க நேரமே இருக்காது. வடத்தின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள். அறுந்தால் விசிறும் வேகத்தை அது ஓரளவு குறைக்கும். வடத்தின் நீளத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது, குறிப்பாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்.

கிரேன் வைத்து இறக்குபவர்கள் அதன் ஊன்றுகால்களின் அடியில் கெட்டியான கட்டை அடுக்கு வைக்க வேண்டும். அறையைத் தூக்கி ஒரு பக்கம் திருப்பும்போது கிரேனின் எடையும் அறையின் எடையும் பெரும்பாலும் ஒரே காலில் வந்து நிற்கும். அறையைத் தொங்கவிட்டபடி ஹைட்ரா கிரேன் வயலுக்குள் நடப்பதை அனுமதிக்கவே வேண்டாம். வழியில் மின்கம்பி தாழ்ந்து போகிறதா என்று முன்தினமே பாருங்கள். லாரித் தட்டின்மேல் கன்டெய்னரின் உச்சி பதின்மூன்று அடி வரை வரும். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தச் செய்த பின்பே வண்டி நகர வேண்டும். பழைய கிணறு இருந்தால் அதன் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது விலகிப் போங்கள்.

பலகை போட்டால் மண் இறுகவே இறுகாது என்று எண்ணிவிடக் கூடாது. மேல்மண்ணைக் காப்பது பலகை. ஆனால் ஆழத்தில் விழும் அழுத்தம் பெரும்பாலும் மொத்தச் சுமையைப் பொறுத்தது. ஓர் அச்சில் 10 டன் வந்தால் இறுக்கம் 40 செ.மீ.க்குக் கீழும் போகும். அது பல ஆண்டுகள் இருக்கும். கரிசல் நிலத்தார் அவசரப்பட வேண்டியதே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் சக்கரத்தை விழுங்கும் அதே மண், பங்குனி சித்திரையில் கல்லாக நிற்கும். அப்போது பலகைச் செலவு பெரும்பாலும் மிச்சம்.

சுமையைப் பலகைமேல் இரவு முழுக்க நிறுத்தாதீர்கள்; களி சிறுகச் சிறுக அமுங்கும். வேலை முடிந்த அன்றே பலகைகளை எடுத்துவிடுங்கள். சேற்றில் ஒட்டிய பலகையை நேராகத் தூக்கினால் வராது. ஒரு மூலையைக் கடப்பாரையால் நெம்பிக் காற்று புக விட்டால் தானாக வரும்.

புன்செயில் விழுந்த தடத்தை மண் நன்றாகக் காய்ந்தபின் உளிக்கலப்பையால் கீறிவிடலாம். நெல் வயலில் அது கூடாது. இருக்கிற தட்டும் உடையும். தட்டு உடைந்த இடத்தில் சேற்றை வாரி எடுத்துவிட்டு, இலேசான ஈரமுள்ள களிமண்ணை நான்கு அங்குலம் போட்டு இடித்து, மறுபடி நான்கு அங்குலம் போட்டு இடித்து, பழைய தட்டின் மட்டம் வரை கொண்டுவர வேண்டும். அந்த டெல்டா விவசாயி 2020 சித்திரையில் இப்படிச் செய்தார். அவ்வாண்டுக் குறுவையில் கொஞ்சம் கசிவு இருந்தது. 2021 குறுவையில் தண்ணீர் நின்றது.