உட்கார்ந்திருந்தவர்கள் ஜெயித்துக் கொடுத்த கதை! - பேஸ்பால் அணிகள் ‘பெஞ்ச்’ வீரர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2004, அக்டோபர் 17. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருக்கும் ஃபென்வே பார்க் மைதானம். நேரம் நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது.

நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான 7 போட்டிகள் கொண்ட தொடரில், முதல் மூன்றிலும் தோற்றிருந்தது பாஸ்டன் ரெட் சாக்ஸ். நான்காவது போட்டியிலும் 4-3 என யாங்கீஸ் முன்னிலை. மிச்சமிருந்தது கடைசி இன்னிங்ஸ் மட்டும்தான். பந்து வீசியவரோ மரியானோ ரிவேரா. கடைசி இன்னிங்ஸில் அவரை அடித்து ஜெயிப்பது குதிரைக் கொம்பு.

ரிவேரா நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே வீச, கெவின் மில்லருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைத்தது. மில்லர் நல்ல பேட்டர்தான், ஆனால் வேகமாக ஓடுபவர் இல்லை. உடனே பெஞ்ச்சில் இருந்து ஒருவர் எழுந்து வந்தார். அவர் பெயர் டேவ் ராபர்ட்ஸ். அவர் வந்தது ஒரே ஒரு வேலைக்காக. பேட்டர் அடிப்பதற்குக் காத்திராமல், பிட்சர் பந்தை வீசும் நேரத்திலேயே ஓடி இரண்டாவது பேஸைப் பிடிக்க வேண்டும். இதற்கு ‘ஸ்டீல்’ என்று பெயர். ‘திருட்டு’ என்றே வைத்துக்கொள்ளுங்களேன்!

அவர் ஓடப்போகிறார் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ரிவேராவுக்கும் தெரியும். அதனால் மூன்று முறை முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து ராபர்ட்ஸை அவுட்டாக்கப் பார்த்தார். முடியவில்லை. பேட்டருக்கு முதல் பந்தை வீசியதுமே ராபர்ட்ஸ் பாய்ந்தார். மயிரிழையில் ‘சேஃப்’. அடுத்து பில் மில்லர் அடித்த பந்தில் ராபர்ட்ஸ் ஓடிவந்து ஸ்கோரைச் சமன் செய்தார். 12-வது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் அடித்த ஹோம் ரன் ரெட் சாக்ஸை ஜெயிக்க வைத்தது.

அதற்குப் பிறகு அந்த அணி தோற்கவே இல்லை. 0-3 என்ற நிலையில் இருந்து மீண்டு ஒரு தொடரை வென்றது மேஜர் லீக் வரலாற்றில் அதுவே முதல் முறை. அந்த ஆண்டு ‘வேர்ல்டு சீரிஸ்’ பட்டமும் ரெட் சாக்ஸுக்கே. 1918-க்குப் பிறகு, 86 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த பட்டம்!

இத்தனைக்கும் காரணமான ராபர்ட்ஸ், அந்த ஆண்டு பிளே ஆஃப் போட்டிகளில் ஒரு முறைகூட பேட் பிடிக்கவில்லை.

ஜூலையிலேயே போட்ட கணக்கு

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால், அந்த ஓட்டத்துக்கான ஏற்பாடு இரண்டரை மாதங்களுக்கு முன்பே நடந்துவிட்டது.

ரெட் சாக்ஸின் பொது மேலாளர் தியோ எப்ஸ்டீனுக்கு அப்போது வயது 30. வீரர்களை மாற்றிக்கொள்ள அனுமதிக்கப்பட்ட கடைசி நாளான ஜூலை 31 அன்று, ரசிகர்களின் செல்லப்பிள்ளையான நோமர் கார்சியாபாராவையே வேறு அணிக்குக் கொடுத்தார். பாஸ்டனே அதிர்ந்தது. ஆனால், அதே நாளில் டக் மின்ட்கேவிச் என்ற, முதல் பேஸில் அபாரமாக ஃபீல்டிங் செய்யும் வீரரையும், ஓட்டத்துக்குப் பெயர்போன ராபர்ட்ஸையும் அவர் அணிக்குள் கொண்டுவந்தார்.

ராபர்ட்ஸ் அக்டோபரில் ஓடினார். வேர்ல்டு சீரிஸின் கடைசி அவுட் விழுந்தபோது, பந்து போய்ச் சேர்ந்தது மின்ட்கேவிச்சின் கையுறையில். இரண்டு பேருமே முழு நேர ஆட்டக்காரர்களாக அங்கே இல்லை. ‘இந்த நேரத்தில் இந்த ஆள்’ என்று கணக்குப் போட்டு வாங்கப்பட்டவர்கள்.

நான்கே நாற்காலிகள்

மேஜர் லீக் அணியில் வழக்கமாக 26 வீரர்கள் இருக்கலாம். அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. ஏறக்குறைய எல்லா அணிகளும் அந்த 13-ஐ முழுவதுமாக நிரப்பிவிடுகின்றன. மீதி 13 பேர். பேட்டிங் வரிசையில் 9 பேர் போனால், பெஞ்ச்சில் மிஞ்சுவது வெறும் 4 பேர்தான்!

இந்த நான்கு பேரை வைத்துக்கொண்டு ஒரு சீசனுக்கு 162 போட்டிகளைச் சமாளிக்க வேண்டும். கிட்டத்தட்ட ஆறு மாதங்கள், பெரும்பாலான நாட்களில் ஆட்டம். யாருக்காவது முதுகு பிடித்துக்கொள்ளும், யாருக்காவது கை வீங்கும், யாருக்காவது குழந்தை பிறக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கபடியில் வெளியே போன ஆள் திரும்ப வரலாம். பேஸ்பாலில் ஒரு முறை மாற்றப்பட்டவர் அந்தப் போட்டியில் மறுபடி களமிறங்கவே முடியாது. ஆக, ஒவ்வொரு மாற்றமும் திரும்ப வாங்க முடியாத செலவு. ஏழாவது இன்னிங்ஸில் அவசரப்பட்டு இறக்கிவிட்டால், பத்தாவது இன்னிங்ஸில் ஆள் இருக்காது.

யாருக்கு என்ன வேலை?

நான்கு இடங்களையும் கண்ணில் பட்ட நல்ல வீரர்களை வைத்து நிரப்பிவிட முடியாது. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வேலை உண்டு.

* இரண்டாவது கேட்சர்: இவர் இல்லாமல் அணியே கிடையாது. கேட்சர் போட்டி முழுக்கக் குத்த வைத்து உட்கார்ந்து பந்து பிடிக்க வேண்டும். முழங்கால் என்னத்துக்கு ஆகும்? இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் பகல் ஆட்டம் என்றால், பெரும்பாலும் இரண்டாவது கேட்சர்தான் இறங்குவார். இவர் பேட்டிங்கில் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பிட்சர்களின் மனசு தெரிந்தவராக இருக்க வேண்டும்.

* எல்லா இடத்திலும் நிற்பவர்: இரண்டாவது பேஸ், ஷார்ட் ஸ்டாப், மூன்றாவது பேஸ் என எங்கே நிறுத்தினாலும் சொதப்பாதவர். இவர் ஒருவர் இருந்தால் மூன்று பேருக்கு மாற்று கிடைத்த மாதிரி.

* நான்காவது அவுட்ஃபீல்டர்: வேகம்தான் இவர் சொத்து. கடைசி இன்னிங்ஸ்களில் கேட்ச் பிடிக்கவும், அடுத்தவருக்குப் பதிலாக ஓடவும் வருவார்.

* எதிர்க் கை பேட்டர்: வலது கை பிட்சரை இடது கை பேட்டரும், இடது கை பிட்சரை வலது கை பேட்டரும் எதிர்கொள்வது பொதுவாக எளிது. முதல் அணியில் எந்தப் பக்கம் பலவீனமோ, அதை ஈடுகட்ட ஒருவர்.

இந்தக் கடைசிக் கணக்கில் கில்லாடி, பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் மேனேஜர் ஏர்ல் வீவர். எந்த பேட்டர் எந்த பிட்சரை எப்படி அடித்திருக்கிறார் என்று அட்டைகளில் குறிப்பு வைத்திருப்பார். கம்ப்யூட்டர் எல்லாம் மைதானத்துக்கு வராத காலம் அது! இடது கை பேட்டர் ஜான் லோவன்ஸ்டீன், வலது கை பேட்டர் கேரி ரோனிக் இருவரையும் எதிரணி பிட்சரைப் பார்த்து மாற்றி மாற்றி இறக்கினார். 1982-ல் லோவன்ஸ்டீன் 24 ஹோம் ரன், ரோனிக் 21 ஹோம் ரன். இரண்டு சாதாரண சம்பளக்காரர்களைச் சேர்த்து ஒரு நட்சத்திரத்தை உருவாக்கிவிட்டார் மனிதர்.

நட்சத்திரங்களை உட்கார வைக்கலாமே?

‘பணம் இருக்கும் அணி, நான்கு பெரிய ஆட்களை வாங்கி உட்கார வைக்க வேண்டியதுதானே?’ என்று உங்களுக்குத் தோன்றலாம்.

வேறு அணியில் தினமும் ஆட வாய்ப்புள்ளவர், இங்கே வந்து ஆறு மாதம் பெஞ்ச்சைத் தேய்க்கச் சம்மதிக்க மாட்டார். திறமையான இளைஞரை உட்கார வைப்பதும் தவறு. 22 வயதுப் பையன் வாரத்துக்கு இரண்டு நாள் ஆடினால் வளர மாட்டான். அவன் மைனர் லீக்கில் தினமும் ஆடுவதுதான் அவனுக்கும் நல்லது, அணிக்கும் நல்லது. அதனால்தான் பெஞ்ச்சில் 30 வயதைத் தாண்டிய அனுபவசாலிகளை அதிகம் பார்க்கலாம்.

விதிகளும் மாறிவிட்டன. முன்பு நேஷனல் லீக்கில் பிட்சரும் பேட் பிடித்தாக வேண்டும். அவருக்குப் பதிலாக இறங்கி அடிப்பவர்தான் ‘பிஞ்ச் ஹிட்டர்’. கிரிக்கெட்டில் நாம் சொல்லும் பிஞ்ச் ஹிட்டர் என்ற வார்த்தையே பேஸ்பாலில் இருந்து வந்ததுதான். லென்னி ஹாரிஸ் இப்படி மாற்றாக வந்தே 212 ஹிட் அடித்தார். அதுதான் சாதனை. 2022 முதல் இரண்டு லீக்குகளிலும் பிட்சருக்குப் பதில் ஒரு தனி பேட்டர் வந்துவிட்டதால், இனி அந்தச் சாதனையை முறியடிப்பது கஷ்டம். ‘அடிக்க மட்டும் தெரியும்’ என்பவருக்கு இன்று பெஞ்ச்சில் இடம் குறைவு. நாலு இடத்தில் நிற்கத் தெரிந்தவருக்கே கிராக்கி.

108 வருடம்... ஒரு சின்ன ஓட்டம்

பாஸ்டனில் கணக்குப் போட்ட அதே எப்ஸ்டீன், பிறகு சிகாகோ கப்ஸ் அணியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்த அணி பட்டம் வென்று 100 ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.

2016 வேர்ல்டு சீரிஸின் ஏழாவது போட்டி. கிளீவ்லேண்ட் அணியுடன் 6-6 சமநிலை. மழையால் சிறிது நேரம் ஆட்டம் நின்று, பத்தாவது இன்னிங்ஸ் தொடங்கியது. கைல் ஷ்வார்பர் முதல் பேஸுக்குப் போனதும், அவருக்குப் பதிலாக ஓட வந்தார் ஆல்பர்ட் அல்மோரா. 2012-ல் கப்ஸுக்காக எப்ஸ்டீன் குழு முதன்முதலில் தேர்ந்தெடுத்த இளைஞர்.

அடுத்த பேட்டர் உயரமாக அடித்த பந்தைக் கேட்ச் பிடித்துவிட்டார்கள். மற்றவர்களாக இருந்தால் முதல் பேஸிலேயே நின்றிருப்பார்கள். அல்மோரா பந்து பிடிபடும்வரை பேஸில் காத்திருந்து, பிடிபட்ட நொடியில் இரண்டாவது பேஸுக்கு ஓடிவிட்டார். பென் சோப்ரிஸ்ட் அடித்த அடுத்த அடியில் அவரே ஏழாவது ரன். எட்டாவது ரன்னை அடித்துக் கொடுத்தவர், சீசனின் பிற்பகுதியில் அதிகம் வாய்ப்பு கிடைக்காமல் இருந்த கேட்சர் மிகேல் மொன்டேரோ. முடிவு 8-7. 108 ஆண்டு ஏக்கம் தீர்ந்தது.

இந்தக் கதையில் ஒரு கசப்பும் உண்டு. பட்டம் வென்ற சில நாட்களிலேயே மொன்டேரோ ஒரு வானொலிப் பேட்டியில் மனம் திறந்தார். உட்கார வைத்ததைவிட, தன் இடம் என்ன என்று யாரும் தெளிவாகச் சொல்லாததுதான் வலித்தது என்ற தொனியில் பேசினார். அடுத்த ஆண்டு நடுவில் அவர் அந்த அணியிலேயே இல்லை.

காத்திருப்பதும் ஒரு வேலைதான்

பெஞ்ச் வீரரின் நாள் எப்படி இருக்கும் தெரியுமா? ஐந்தாவது இன்னிங்ஸ் வாக்கில் எழுந்து உடம்பைச் சூடேற்றுவார். உள்ளே இருக்கும் பயிற்சிக் கூண்டில் சில பந்துகளை அடிப்பார். எதிரணியில் இன்னும் யார் யார் பிட்சர்கள் மிச்சம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார். பாதி நாட்கள் அவரைக் கூப்பிடவே மாட்டார்கள். கூப்பிட்டால், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த உடம்போடு, அணியின் மிக வேகமான பிட்சரை எதிர்கொள்ள வேண்டும். அதே பேட்டர் முழுப் போட்டியில் ஆடும்போது அடிப்பதைவிட, இப்படி இடையில் வந்து அடிக்கும்போது குறைவாகவே அடிக்கிறார் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு.

வேலைக்கு உத்தரவாதமும் குறைவு. மேஜர் லீக்கில் 2026-ன் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,80,000 டாலர். நம் கணக்கில் 6 கோடி ரூபாய்க்கும் மேல். ஆனால், இளம் வீரரை ஒரே சீசனில் ஐந்து முறைவரை மைனர் லீக்குக்கு அனுப்ப அணிக்கு உரிமை உண்டு. கீழே போனால் பலருக்குச் சம்பளமும் பல மடங்கு குறையும். ஒரு பிட்சருக்குத் தோள் வலித்தால், அந்த இடத்தைச் சரிக்கட்ட மூட்டை கட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான்.

இதையெல்லாம் அனுபவித்துத் தெரிந்த ஒருவர் மேனேஜரானால் எப்படி இருக்கும்? 2016 முதல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் மேனேஜர், நாம் முதலில் பார்த்த அதே டேவ் ராபர்ட்ஸ்!

2025 வேர்ல்டு சீரிஸில் டொரோண்டோ புளூ ஜேஸுக்கு எதிராக 3-2 எனப் பின்தங்கியபோது, முதல் ஐந்து போட்டிகளில் தொடக்க வரிசையில் இல்லாத 36 வயது மிகேல் ரோஹாஸை ஆறாவது போட்டியில் இறக்கினார் ராபர்ட்ஸ். சரியாக அடிக்காமல் திணறிய இளைஞர் ஆண்டி பாஹெஸை உட்கார வைத்தார். ஏழாவது போட்டியில் 4-3 என டாட்ஜர்ஸ் தோற்றுக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தவர் அந்த ரோஹாஸ். பின்பாதியில் டொரோண்டோ மூன்று பேஸையும் நிரப்பி மிரட்டியது. ராபர்ட்ஸ், ஃபீல்டிங்குக்காக பாஹெஸைக் களமிறக்கினார். ரோஹாஸ் தடுமாறியபடியே பந்தைப் பிடித்து வீசி ஒரு ரன்னைத் தடுத்தார். அடுத்த பந்தில், சக வீரர் மீதே மோதி விழுந்தபடி கேட்ச் பிடித்தார் பாஹெஸ். 11-வது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன்னோடு 5-4 என டாட்ஜர்ஸ் சாம்பியன்.

பாஹெஸை உட்கார வைத்ததோடு ராபர்ட்ஸ் மறந்துவிடவில்லை. அவரால் அன்று அடிக்க முடியாமல் போகலாம், ஆனால் ஓடிப் பிடிக்க முடியும் என்பதை நினைவில் வைத்திருந்தார். உட்கார்ந்திருந்த பாஹெஸும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்காமல் தயாராக இருந்தார். இந்த இரண்டும் சேர்வதற்குப் பெயர்தான் பலமான பெஞ்ச். அதில் முதல் பாதியைப் பணம் கொடுத்து வாங்கலாம். இரண்டாவது பாதிக்கு, ‘உனக்கு இந்த வேலை இருக்கிறது, நேரம் வரும்’ என்று அந்த ஆளிடம் நேராகச் சொல்ல ஒருவர் வேண்டும்.