கரையில் இறங்கும் எட்டு மணி நேரம்: நோயாளியின் சிறு பையும் அணையாத கைப்பேசியும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களிலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் அண்மைக் காலமாக ஒரு புதிய கேள்வியைக் கேட்கின்றனர்: "டாக்டர், நான் கப்பலில் சுற்றுலா போகலாமா?" பணி ஓய்வு பெற்றவர்கள் குழுவாகச் சேர்ந்து பதிவு செய்கிறார்கள். பிள்ளைகள் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டிப் பயணச்சீட்டு வாங்கித் தருகிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்ப்ரஸ் என்னும் சுற்றுலாக் கப்பல் 2022 ஜூன் மாதத்தில் புறப்படத் தொடங்கியது. 2023 ஜூனில் அதன் பயணம் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்கள் வரை நீண்டது. அதன் பிறகு இக்கேள்வியை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை கட்டுப்பாட்டில் உள்ளவர்களில் பெரும்பாலோர் தம் மருத்துவரைக் கலந்துகொண்டு பயணம் செய்யலாம். ஆனால் அவர்களிடம் நாங்கள் உடனே கேட்கும் மறு கேள்வி ஒன்று உண்டு: "கரையில் இறங்கும்போது கையில் என்ன எடுத்துச் செல்வீர்கள்?" இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான விடை.

கவலை கடலில் அன்று, கரையில்

கப்பலில் மருத்துவ அறை இருக்கிறது. மருத்துவரும் செவிலியரும் இருக்கின்றனர். உங்கள் மருந்துகள் அனைத்தும் அறையில் உள்ளன. உணவு நேரத்துக்குக் கிடைக்கிறது. காலையில் கரையிறங்கிப் பேருந்தில் ஏறியதும் இந்த மூன்றும் ஒருசேர விலகிவிடுகின்றன. காங்கேசன்துறையிலிருந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 20 கிலோமீட்டருக்குள்தான். ஆயினும் வரிசையில் நிற்றல், வெயில், யாழ்ப்பாண நகரைச் சுற்றிப் பார்த்தல் எனப் பகல் முழுவதும் கழிந்துவிடும். திருகோணமலையில் கோணேசுவரம் பிரெட்ரிக் கோட்டைக்குள் கடலை ஒட்டிய பாறை முனையில் இருக்கிறது. ஏற்றத்தில் நடந்துதான் போக வேண்டும்.

நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. மதிய உணவும் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால், இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை உண்பவர்களுக்கும் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். இதய நோய்க்கு மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை உண்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெளிவாகத் தெரியாமற்போகலாம். அவர்கள் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பை உடன் வந்தவரிடம் இருந்து, அவர் படம் எடுக்கத் தொலைவில் போயிருந்து, கைப்பேசியும் அணைந்திருந்தால், எளிதில் தீரக்கூடிய தொல்லை பேரிடராகிவிடும். ஆகவே எங்கள் முதல் விதி இது: நோயாளியின் மருந்துப் பை நோயாளியின் உடலோடு இருக்க வேண்டும். அவரால் சுமக்க இயலாவிட்டால், அதைச் சுமப்பவர் ஒருபோதும் அவரை விட்டுப் பிரியக் கூடாது.

எந்தத் தோள்?

நோயாளியே சுமக்க வேண்டுமென்றால் பை இலேசாக இருந்தாக வேண்டும். நிரப்பிய பையின் எடை இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம் என்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை மட்டுமே ஒரு கிலோ. அரை லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துச் சென்று வழியில் நிரப்பிக்கொள்ளலாம். இரண்டாம் சேலை, தடித்த வழிகாட்டி நூல், குழுவுக்கெல்லாம் சேர்த்துக் கட்டிய முறுக்கு ஆகியவை கப்பல் அறையிலேயே இருக்கட்டும்.

கைகள் இரண்டும் வெறுமையாக இருக்க வேண்டும். கப்பலின் ஏறுபலகையிலும் பேருந்துப் படியிலும் கைப்பிடியைப் பற்றுவதற்கு அவை தேவை. எனவே கையில் தூக்கும் பை வேண்டாம். முதுகில் இரு தோள்களிலும் மாட்டும் சிறு பையோ இடுப்புப் பையோ நல்லது. அதிலும் சிலருக்குத் தனிக் கவனம் தேவை:

• டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், பிஸ்டுலா உள்ள கையில் பையின் வாரைத் தொங்கவிடக் கூடாது. அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு பிஸ்டுலா அடைபடக்கூடும்.

• மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் அறுவை செய்துகொண்டவர்கள், அந்தப் பக்கத்துத் தோளில் சுமை ஏற்ற வேண்டாம்.

• பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், அது இருக்கும் இடத்தின் மீது வார் உராயாதபடி மறு தோளையோ இடுப்பையோ பயன்படுத்த வேண்டும்.

• பைபாஸ் அறுவை செய்து மூன்று மாதங்கள் நிறையாதவர்கள், மார்பெலும்பு முழுமையாகக் கூடும் வரை பையை உடன் வருபவரிடம் தந்துவிடுங்கள். பயணத்துக்கும் அறுவை மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள்.

இடுப்புப் பைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் செல்ல வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர், சட்டையைக் கழற்றி மற்றவரிடம் தரும்போது மாத்திரையையும் தந்துவிடுகிறார். இடுப்பில் இருப்பது உங்களோடு கருவறை வாசல் வரை வரும்.

பையினுள் இருக்க வேண்டியவை

மருந்துகளை அன்றைய வேளைகளுக்கும் மறுநாள் ஒரு நாளுக்கும் கணக்கிட்டு எடுங்கள். கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டுவிடும். தனியாக வண்டி பிடித்துச் சுற்றப் போனவருக்காக அது காத்திருப்பதில்லை. ஓர் இரவு கரையில் தங்க நேர்ந்தால் அந்த ஒரு நாள் மருந்து உங்களைக் காக்கும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் பொட்டலம் கட்ட வேண்டாம். பெயரும் அளவும் தெரியும்படி அட்டையோடு வையுங்கள். சென்னையில் கப்பல் ஏறும் நாளிலும் இதே கவனம் வேண்டும். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு பல மணி நேரம் கழித்தே அறையில் சேர்ப்பார்கள். மதிய மாத்திரை அந்தப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது.

இன்சுலின் பயன்படுத்துபவர்கள், பயன்பாட்டில் உள்ள பேனாவைக் குளிர்காப்புப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலான வகைகள் 30 டிகிரி செல்சியசுக்கு உட்பட்ட வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாமல் இருக்கும். வெயிலில் நிற்கும் பேருந்தின் உட்புறம் அதைவிட மிகுதியாகச் சூடாகும். பேனாவை இருக்கையில் விட்டு இறங்காதீர்கள். பனிக்கட்டியோடு ஒட்டி வைப்பதும் தவறு. உறைந்த இன்சுலின் பயன்படாது. பிரிக்காத இன்சுலினைக் கப்பலின் மருத்துவ அறையில் தந்து, 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஊசிகளைச் சோதனையில் காட்ட நேரலாம் என்பதால் மருந்துச்சீட்டு உடன் இருக்கட்டும்.

சர்க்கரை இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் உடனே தேவை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அதற்கு ஈடாகும். அளந்து கட்டிய சிறு பொட்டலங்கள் மூன்றை எடுத்துச் செல்லுங்கள். சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் இதற்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு பொட்டலம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

கழிவறை கிடைக்காது என்று அஞ்சி, சிறுநீர் பிரிய உதவும் மாத்திரையை அன்று விட்டுவிடுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நாங்கள் அடிக்கடி காணும் பழக்கம். இதயமும் சிறுநீரகமும் பலவீனமானவர்களுக்கு இரண்டுமே தீங்கு. மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று புறப்படும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாத உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் ஒரு சோடித் தடித்த காலுறையைப் பையில் வையுங்கள். நண்பகலில் கோயிலின் வெளிவீதி மணலும் கல்தரையும் சுடுவது பாதத்துக்குத் தெரியாமலே கொப்புளம் கிளம்பிவிடும்.

கைப்பேசி: மாலை வரை உயிரோடு

இன்றைய நோயாளிக்குக் கைப்பேசி வெறும் பேசும் கருவி அன்று. மருந்துச்சீட்டின் படம், மகளின் எண், வழி காட்டும் வரைபடம், சிலருக்குக் கையில் ஒட்டிய சர்க்கரை சென்சாரின் அளவு ஆகிய யாவும் அதில்தான் உள்ளன. பணமும் அதில்தான், 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் இந்தியப் பயணிகள் யு.பி.ஐ. வழியே செலுத்தும் வசதி வந்துவிட்டது. மின்னேற்றம் தீர்ந்தால் இவையனைத்தும் ஒரே நொடியில் போய்விடும்.

இரவே முழுமையாக மின்னேற்றுங்கள். கப்பல் அறையில் மின்செருகிகள் குறைவு. தம்பதியர் இருவரின் கைப்பேசிக்கும் பவர் பேங்குக்கும் சேர்த்து, பல யு.பி.ஐ.-யைப் போலவே பலரும் மறந்துவிடும் ஒரு பொருள் தேவை: பல முனைகள் கொண்ட யு.எஸ்.பி. மின்னேற்றி. நீள்வடப் பெட்டிகளைப் பல கப்பல்கள் அனுமதிப்பதில்லை. கடலில் இருக்கும்போது விமானப் பயன்முறையில் வையுங்கள். அலைவரிசையைத் தேடித் தேடியே மின்கலம் வற்றும். கப்பலின் அலைவரிசையில் தானாக இணைந்தால் கட்டணமும் பெருகும். கரையில் திரையின் ஒளியைக் குறைத்து, மின்சேமிப்பு முறையை இயக்குங்கள். வரைபடத்தை முன்னரே தரவிறக்கிக்கொள்ளுங்கள். படம் எடுக்க ஒரு கைப்பேசி, அவசரத்துக்கு மற்றொன்று எனத் தம்பதியர் பிரித்துக்கொள்வது மிகச் சிறந்த வழி.

10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று போதும். மின்மாற்றத்தில் ஒரு பகுதி வீணாவதால், 5,000 எம்.ஏ.எச். கைப்பேசியை அது இரு முறை நிரப்பாது. ஒரு முறை நிச்சயம் நிரப்பும். 20,000 வாங்கினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மின்னேறும்போது கைப்பேசி சூடாகும்; அதை இன்சுலினுக்கு அருகில் வைக்காதீர்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கைப்பேசியையும் காந்தத்தால் ஒட்டும் பவர் பேங்கையும் அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சட்டைப்பை அதற்கு உரிய இடமன்று. சென்சார் அணிந்தவர்கள் சாதாரண குளுக்கோமீட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசி அணைந்தால் சென்சாரின் எச்சரிக்கை ஒலியும் எழாது.

அணையாத ஒரு காகிதம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கைப்பேசி தொலையலாம், நனையலாம். எனவே ஓர் அஞ்சலட்டை அளவுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வையுங்கள்: பெயர், வயது, நோய்கள், ஒவ்வாமை, மருந்துகளின் வேதிப் பெயரும் அளவும், உறவினர் இருவரின் எண்கள், கப்பலின் பெயர், அது புறப்படும் நேரம், துறைமுக முகவரின் எண். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால் வேதிப் பெயரே எங்கும் புரியும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் அதை முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

உதவி எண்ணையும் அதில் சேருங்கள். நம் ஊரின் 108 போல, இலங்கையில் 1990 என்ற எண்ணில் கட்டணமில்லா ஆம்புலன்ஸ் வரும். இந்தியாவின் நிதியுதவியுடன் 2016இல் தொடங்கிய அச்சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் விரிந்தது. அங்கே தமிழில் அதை 'நோயாளர் காவு வண்டி' என்பார்கள், மருத்துவமனை 'வைத்தியசாலை'. யாழ்ப்பாண நகரில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பதால் மருந்து வேளைகளை மாற்ற வேண்டியதில்லை. சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குச் செல்வோர் மட்டும் இரண்டரை மணி நேர வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும்.

ஊரிலேயே ஓர் ஒத்திகை

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னர், நிரப்பிய பையை மாட்டிக்கொண்டு ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையிலோ உங்கள் தெருவிலோ அரை மணி நேரம் நடந்து பாருங்கள். தோள் வலித்தால் எதை விடுவது என்று அப்போதே தெரிந்துவிடும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் இறுக்கம் தோன்றினாலோ பயணத்துக்கு முன் எங்களிடம் வாருங்கள். அதே நாளில் கைப்பேசியைக் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை மின்னேற்றாமல் பயன்படுத்தி, எத்தனை விழுக்காடு எஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கப்பல் ஏறாதவர்களுக்கும் இப்பை உதவும். திருவண்ணாமலைக் கிரிவலம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடை. திருமலையில் தரிசனத்துக்கு முன் கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டும். வரிசையில் பல மணி நேரம் உங்களோடு இருக்கப்போவது இடுப்புப் பையும் அந்தக் காகிதமும்தான்.

புறப்படும் காலையில் சரிபார்க்க

1. இரு நாள் மருந்து, அட்டையோடு
2. சர்க்கரைப் பொட்டலம் மூன்று, குளுக்கோமீட்டர்
3. அரை லிட்டர் தண்ணீர், சிறிது சிற்றுண்டி
4. முழுமையாக மின்னேற்றிய கைப்பேசி, பவர் பேங்க், வடம்
5. விவரக் காகிதம், மருந்துச்சீட்டின் நகல், கப்பல் அட்டை, அடையாளச் சான்று
6. சிறிதளவு உள்ளூர்ப் பணம்
7. தொப்பி அல்லது குடை, காலுறை

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது பயணத் தேதியைச் சொல்லுங்கள். உங்கள் விவரக் காகிதத்தை உங்களோடு அமர்ந்து நாங்களே சரிபார்த்துத் தருகிறோம்.