மேடையிலிருந்து தேடிய கண்கள்

அக்காவின் மகனுக்கு மூன்று வயது. பாலர் பள்ளியில் இது அவனுக்கு முதல் ஆண்டு. தீபாவளி விடுமுறைக்கு முந்திய நாள் காலையில் அவனது முதல் மேடை நிகழ்ச்சி. தாதியாகப் பணிபுரியும் அக்காவுக்கு அன்று காலை நேர வேலை. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அத்தான் வேலை காரணமாக வெளிநாட்டில் இருந்தார்.

“நீ போயிட்டு வா. ஒரு நொடிகூட விடாம வீடியோ எடு,” என்றார் அக்கா.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் எனக்கு அன்று குழுத் திட்டப்பணிக் கூட்டம். பத்து நிமிட ஆட்டத்துக்காக அதைப் பிற்பகலுக்குத் தள்ள வேண்டுமா என்று முணுமுணுத்தபடிதான் கிளம்பினேன்.

இரண்டே சொற்கள்

அவனுடைய பங்கு பெரிதன்று. பாட்டு தொடங்குமுன் முன்னால் வந்து “தீபாவளி வாழ்த்துகள்” என்று சொல்ல வேண்டும். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகிறான் என்ற கவலை அக்காவுக்கு உண்டு. அதனால் பல் துலக்கும்போதும் மின்தூக்கியில் ஏறும்போதும் ஒரு வாரமாக ஒத்திகை. ‘ழ’ மட்டும் வரவே இல்லை. “தீபாவளி வாத்துகள்” என்றே சொன்னான். “தீபாவளிக்கு யாருடா வாத்து வாங்குறது?” என்று பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பள்ளி அது. பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். பச்சைத் தாளில் வெட்டிய மாவிலைத் தோரணம் தொங்கியது. பாவாடை சட்டையில் சீனச் சிறுமி, ஜிப்பாவில் மலாய்ச் சிறுவன் என வரிசையாக வந்தார்கள். ஒரு குழந்தை அழுதது. இன்னொன்று மேடையிலேயே உட்கார்ந்து காலணியைக் கழற்றத் தொடங்கியது.

எங்கள் குட்டி முன்னால் வந்தான். ஆசிரியை ஒலிவாங்கியை நீட்டினார். அவன் வாய் திறக்கவில்லை. கண்கள் வரிசை வரிசையாக எதையோ தேடின. உதடு துடித்தது. நான் திறன்பேசியில் அவன் முகத்தைப் பெரிதாக்கினேன். அப்போதுதான் புரிந்தது, அவன் தேடியது என்னை. எங்கள் வரிசை முழுவதும் முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் திறன்பேசிகள்தான் இருந்தன.

கையை மடியில் இறக்கிவிட்டுச் சிரித்தேன். என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.

“தீபாவளி வாத்துகள்!”

அறையே சிரித்துக் கைதட்டியது. பிறகு ஆடிய ஆட்டத்தில் பாதி நேரம் தவறான பக்கம்தான் திரும்பினான். ஆனால், இடையிடையே என்னைப் பார்த்துக்கொண்டே ஆடினான்.

முகம் சொல்லும் செய்தி

1985ல் வெளிவந்த ஓர் ஆய்வு பிரபலமானது. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடித் தளத்தில் விட்டார்கள். பாதி வழியில் கீழே பள்ளம் இருப்பதுபோல் தோன்றும். எதிர்ப்புறத்தில் தாய் இருப்பார். தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தனர். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. நம் குட்டிகள் அவர்களைவிடப் பெரியவர்கள்தான். ஆனாலும் பழக்கமில்லாத மேடையில் தெரிந்த முகத்தைத் தேடத்தான் செய்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் தம்பியோ தங்கையோ மேடையேறலாம். எங்கே உட்காரப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் திறன்பேசியை நெஞ்சளவில் பிடியுங்கள். மற்றப் பிள்ளைகள் இருக்கும் காணொளியைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். மேடையில் உறைந்துபோனாலும் அழுதாலும் “ஏன் ஆடல?” என்று கேட்காதீர்கள். அத்தனை பேர் முன்னால் நின்றதே அந்த வயதுக்குப் பெரிய காரியம்.

அன்று மாலை தயக்கத்துடன் காணொளியை அக்காவிடம் காட்டினேன். முக்கியமான இடத்தில் என் முழங்கால்தான் தெரிந்தது. குரல் மட்டும் கேட்டது. திட்டு விழும் என்று நினைத்தேன். அக்கா அதை மூன்று முறை கேட்டார்.

“நீ பாத்தியே, அது போதும். எப்படி நின்னான்னு சொல்லு.”

நான் சொல்லத் தொடங்குவதற்குள் குட்டி சோபாமேல் ஏறிவிட்டான். சீருடையைக்கூட மாற்றாத அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். இம்முறை தயக்கமே இல்லை.

“தீபாவளி வாத்துகள்!”