கார்பைடு கட்டர் ஏன் ஒடிகிறது?

எஃகை வெட்டும் கருவி எஃகினும் கடினமாயிருத்தல் வேண்டும் என்பது எவரும் அறிந்ததே. ஆயினும், மில்லிங் இயந்திரத்தில் பூட்டிய கார்பைடு கட்டர் சில நிமிடங்களிலேயே ஒடிவதுண்டு. அந்தமானில் கராச்சர்மா போன்ற ஊர்களில் பட்டறை வைத்திருக்கும் தமிழருக்கு இது சிறு இழப்பன்று. மாற்றுக் கருவி கடல் கடந்தே வரவேண்டும். சென்னையோ சுமார் 1,360 கிலோமீட்டர் தொலைவு. பழியும் பெரும்பாலும் இயந்திரத்தின் முன் நிற்பவர்மீதே விழுகின்றது. ஆதலின் காரணத்தை அறிதல் நன்று.

டங்ஸ்டன் கார்பைடுப் பொடியைக் கோபால்ட்டுடன் கலந்து, அழுத்தி, சூளையில் இறுகச் செய்யும் முறையை 1923-ஆம் ஆண்டில் பெர்லினில் கார்ல் ஷ்ரோட்டர் வகுத்தார். இவ்வாறு பிறக்கும் பொருள் கருங்கல் பலகையை ஒத்தது. பலகை பெரும்பாரத்தைத் தாங்கும். இருமுனைகளை மட்டும் தாங்கி நடுவில் அடித்தாலோ பிளந்துவிடும். கார்பைடும் அழுத்தத்தைப் பொறுக்கும். வளைவையும் அதிர்ச்சியையும் பொறாது. அதிவேக எஃகுக் கருவி சற்றே வளைந்து கொடுக்கும். கார்பைடு வளையுமுன் முறியும்.

கடைசல் இயந்திரத்தில் கருவி பெரும்பாலும் இடைவிடாது வெட்டுகின்றது. மில்லிங்கிலோ ஒவ்வொரு பல்லும் சுற்றுதோறும் எஃகினுள் புகுந்து வெளியேறுகின்றது. நான்கு பல் கட்டர் நிமிடத்திற்கு 1,000 முறை சுழன்றால் எஃகின்மீது விழும் அடிகள் 4,000. தேய்ந்த பேரிங்கும் தளர்ந்த பிடியும் ஒரு பல்லின்மீதே மிகுசுமையை ஏற்றும்.

கட்டர் பிடியினின்று நீண்டு நிற்பதும் பெருங்கேடு. நீட்சி இருமடங்கானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும்.

அடுத்தது வெப்பம். வெட்டும்போது பல் கொதிக்கின்றது, வெளியேறியதும் ஆறுகின்றது. கூலன்ட் நீர் விட்டுவிட்டுப் பாய்ந்தால் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற நுண்விரிசல்கள் தோன்றும். விரிசல் கண்ட விளிம்பு நெடுநாள் நில்லாது.

அச்சத்தால் ஊட்டத்தை மிகக் குறைப்பதும் தவறு. பல் வெட்டாமல் உரசும், சூடேறி மழுங்கும், மழுங்கிய பல்லின்மீது விசை பெருகும். பள்ளத்தில் தேங்கும் சீவலை மீண்டும் வெட்டுவதும் பல்லைப் பெயர்க்கும்.

எனவே கட்டரைக் குறுகப் பிடியுங்கள். ஓட்டத்தின் கோணலை டயல் காட்டியால் அளந்து பாருங்கள். சீவலைக் காற்றால் அகற்றுங்கள். கூலன்ட்டைத் தாராளமாகவும் தொடர்ந்தும் விடுங்கள், இயலாதெனில் காற்றோடு நிறுத்துங்கள். இயந்திரம் தளர்ந்து அதிருமாயின் அதிவேக எஃகுக் கருவியே ஏற்றது. ஒடிந்த கட்டரைக் கண்டதும் ஆளைக் கடியாமல், பிடியையும் நீட்சியையும் முதலில் நோக்குதலே அறிவுடைமை.